பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுழி ஏன் மாறி மாறி விழுகிறது?

குலைலாரி | வெள்ளி, இரவு 8:52

பிள்ளையார் சுழி போட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். கேள்வியும் சுழியைப் பற்றியதே.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன். இன்று மத்தியானம் நல்ல மழை. ஆலை வாசலில் பதினான்கு லாரி நிற்கிறது, அவசரப்படாதே என்று கூட்டாளி போன் போட்டுச் சொன்னான். சரி என்று தோட்டத்துப் பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பாலத்துக் கம்பியில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தே தாரிக் (பால் டீ) நிறத்தில் ஏறியிருந்தது. ஆனால் அடித்துக்கொண்டு ஓடவில்லை, மெதுவாகத்தான் போனது.

பாலத்துக்கு இரண்டு தூண், இரண்டும் உருண்டை. நடு ஆற்றுத் தூணுக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு சுழி கிளம்பிச் சுற்றிக்கொண்டே கீழே போகிறது. அது போனதும் வலது பக்கம் ஒன்று. அப்புறம் மறுபடி இடது. நுரையும் காய்ந்த ஓலையும் அதில் மாட்டி, பாம்பு போவது மாதிரி நெளிந்து நெளிந்து போனது. எண்ணிப் பார்த்தேன். ஒரு இடது சுழி கிளம்பியதிலிருந்து அடுத்த இடது சுழி கிளம்ப நான்கரை வினாடி. பத்துத் தடவை போன் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வருகிறது. தூணும் உருண்டை. பின்னே யார் வைத்தது இந்த முறை? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுழி விழுந்தால் என்ன?

இன்னொன்று. கரையோரத் தூணுக்குப் பின்னால் இந்த ஆட்டமே இல்லை. தண்ணீர் அங்கேயும் போகிறது, ஆனால் சும்மா கலங்கிக்கொண்டு நேராகப் போகிறது.

குறுக்குக்கேள்வி | வெள்ளி, இரவு 9:10

கரையோரம் தண்ணீர் மெதுவாகப் போகும், அதனால் சுழி இல்லை. முடிந்தது. இதற்கு ஒரு இழையா?

குலைலாரி | வெள்ளி, இரவு 9:15

மெதுவாகப் போகிறது என்றால் சுழியும் மெதுவாக விழ வேண்டியதுதானே. அங்கே விழவே இல்லை, அதைத்தான் கேட்கிறேன்.

ஆறாம்நம்பர்லயம் | வெள்ளி, இரவு 9:41

தம்பி, அந்த மாதிரிப் பாலத்தடியில்தான் நாங்கள் குளித்து வளர்ந்தோம். "தூணுக்குப் பின்னால் போகாதே, சுழி இழுத்துக்கொண்டு போய்விடும்" என்று அம்மா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நின்றே கத்துவார். எனக்குத் தலையில் ரெட்டைச் சுழி வேறு. உனக்கு ஆத்துச் சுழி எதற்கு, தலைச் சுழியே போதும் என்பார்.

முப்பது வருஷம் ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான். காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இந்த மாறி மாறி விழுகிற சங்கதி காற்றிலும் உண்டு. அதை அப்புறம் எழுதுகிறேன், கண் மருந்து விடும் நேரம்.

நீரோட்டம் | வெள்ளி, இரவு 11:05

லாரி அண்ணன் கேட்டது வேடிக்கையான கேள்வி அல்ல. இதே கேள்விதான் 1911-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஒரு ஆய்வு மாணவரைத் தூங்கவிடாமல் செய்தது. நான் பாலிடெக்னிக்கில் பாய்ம இயக்கவியல், அதாவது தண்ணீர், காற்று போன்ற பாய்மங்கள் ஓடுகிற விதத்தைப் பற்றிய பாடம், நடத்துகிறேன், தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுழி ஏன் விழுகிறது என்று பார்ப்போம். தூணின் முகப்பில் தண்ணீர் வந்து முட்டுகிறது, அங்கே அழுத்தம் அதிகம். பக்கவாட்டில், தூணின் இடுப்பில், தண்ணீர் வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைவு. முதுகுப் பக்கம் மறுபடி அழுத்தம் கூட வேண்டும். ஆக முகப்பிலிருந்து இடுப்பு வரை தண்ணீருக்கு இறக்கம், அதற்குப் பிறகு ஏற்றம். தோட்டத்து மண்சாலையில் சைக்கிள் விட்டவர்களுக்குத் தெரியும்: இறக்கத்தில் வந்த வேகத்திலேயே எதிர் மேட்டில் ஏறிவிடலாம், மிதிக்கவே வேண்டாம். ஆனால் பிரேக் கட்டை உரசுகிற சைக்கிள் பாதி மேட்டில் நின்று பின்னுக்கு உருளும். தூணை ஒட்டி வருகிற மெல்லிய தண்ணீர் ஏடு அந்த உரசுகிற சைக்கிள்தான். தூணின் சுவரில் தேய்ந்து தேய்ந்து வேகத்தை இழந்துவிட்டது, ஏற முடியாது. சுவரை விட்டு விலகிவிடும். பின்னால் குழம்பிக் கிடக்கிற தண்ணீரால் ஏற்றம் இன்னும் முன்னாலேயே ஆரம்பித்துவிடுவதால், முகப்பிலிருந்து சுமார் 80 டிகிரியில், இடுப்பை எட்டும் முன்பே, ஏடு கழன்றுவிடுகிறது.

இரண்டு பக்கமும் இப்படிக் கழன்ற ஏடுகள் திரைச்சீலை மாதிரிப் பின்னால் நீண்டு உட்பக்கமாகச் சுருளும். ஒன்று கடிகாரச் சுற்று, மற்றது எதிர்ச்சுற்று. இது வரை இரண்டும் சமம்தான்.

இப்போது உங்கள் கேள்வி. இடது சுருள் ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டது என்று வையுங்கள். அது சுற்றுகிற சுற்றில் வலது பக்கத்து ஏட்டையே தன் பக்கம் இழுக்கும். அந்த ஏடு எதிர்ச்சுற்று கொண்டது. அது குறுக்கே வந்து விழுந்ததும், இடது சுழிக்கும் அதற்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த ஏட்டுக்கும் நடுவே அறுத்துவிடுகிறது. தீனி நின்ற சுழி கழன்று ஆற்றோடு போகும். இப்போது வலது சுருளுக்கு எதிரி இல்லை, அது வளரும், வளர்ந்து இடது ஏட்டை இழுக்கும், தானும் அறுபடும். 1966-இல் ஜெரார்ட் என்பவர் இந்த விளக்கத்தை எழுதினார். இன்றும் வகுப்பில் இதைத்தான் சொல்கிறோம்.

ஆறாம்நம்பர்லயம் | சனி, காலை 6:20

புரிகிறது டீச்சர். எங்கள் லயத்துப் பொதுப் பைப்பு மாதிரி. ஒருத்தி குடம் நிறைகிற நேரம் பார்த்து அடுத்தவள் தன் குடத்தைக் குறுக்கே நுழைப்பாள்.

நீரோட்டம் | சனி, காலை 7:02

கிட்டத்தட்ட அதுதான் ஐயா. ஆனால் இங்கே முதல் குடக்காரியே அடுத்தவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். வளர்ந்ததுதான் அவள் செய்த தப்பு.

குறுக்குக்கேள்வி | சனி, காலை 7:30

"ஒரு மயிரிழை பெரிதாகிவிட்டது என்று வையுங்கள்." ஏன் வைக்க வேண்டும்? தூண் சரியான வட்டம், தண்ணீர் சரியான சமம் என்றால் பெரிதாகாதே. அப்போது உங்கள் கதை ஓடாது.

நீரோட்டம் | சனி, காலை 10:18

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். கோட்டிங்கன் கதையே இதுதான்.

கோட்டிங்கனில் பேராசிரியர் பிராண்டிலிடம் ஹீமென்ஸ் என்ற மாணவர் இருந்தார். நீர்க்கால்வாயில் உருளையை நிறுத்தி அதைச் சுற்றி அழுத்தம் அளப்பது அவர் வேலை. ஓட்டம் நிலையாக இருந்தால்தான் அளக்க முடியும், அதுவோ ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமில்லை என்றார் பிராண்டில். மாணவர் இழைத்து இழைத்து வட்டமாக்கினார். ஆடியது. கால்வாய் சமமாக இல்லையோ என்று அதையும் சரிசெய்தார். அப்போதும் ஆடியது. அங்கே உதவியாளராக இருந்த கார்மன் தினமும் காலையில், என்ன, இன்றாவது நின்றதா என்று கேட்பாராம். எப்போதும் ஆடுகிறது என்று சோகமாகப் பதில் வருமாம். இத்தனை தடவை திருத்தியும் நிற்கவில்லை என்றால் அந்த ஆட்டம் தண்ணீருக்கே உரியது என்று நினைத்து, கார்மன் ஒரு வார இறுதியில் கணக்குப் போட்டார். இரண்டு வரிசைச் சுழிகள் நேருக்கு நேர் நின்றால், மிகச் சின்னத் தடுமாற்றம்கூடப் பெருகி அந்த அமைப்பைக் கலைத்துவிடும். ஒன்றுக்கொன்று இடைவெளியில் மாறி நின்றால் மட்டும் நிலைக்கும், அதுவும் வரிசைகளின் அகலத்தை ஒரே பக்கத்துச் சுழிகளின் இடைவெளியால் வகுத்தால் 0.28 வரும்போது மட்டும்.

ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: சமமாக வைத்தால் சமமாக இருக்கலாம், கணிதத்தில். பென்சிலை முனையில் நிறுத்துவது மாதிரி. ஆற்றில் ஒரு கொசு உட்கார்ந்தால் போதும், எந்தப் பக்கம் முதலில் என்பது முடிவாகிவிடும்.

இந்தச் சுழி வரிசைக்குக் 'கார்மன் சுழித் தெரு' என்று பெயர் கார்மனுக்குப் போனாலும், 1908-இலேயே பிரான்சில் பெனார் இந்தச் சுழி வரிசையைப் படம் எடுத்துவிட்டார். முன்னுரிமைச் சண்டை வந்தபோது, பெர்லினிலும் லண்டனிலும் கார்மன் தெரு என்று சொல்லுங்கள், பாரிஸில் பெனார் பெருஞ்சாலை என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று கார்மன் விட்டுக்கொடுத்தார். அவரே இன்னொன்றும் சொன்னார்: இத்தாலியின் பொலோனியா நகரத்துத் தேவாலயம் ஒன்றில், குழந்தை ஏசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்தோபரின் ஓவியம் இருக்கிறது, அவர் காலுக்குப் பின்னால் மாறி மாறிச் சுழிகள் வரையப்பட்டிருக்கின்றன என்று. லாரி அண்ணனுக்கு முன்னால் ஓர் ஓவியரும் ஆற்றை நின்று பார்த்திருக்கிறார்.

படிவம்ஐந்து | சனி, பகல் 12:44

டீச்சர், நான் படிவம் 5. அந்த நான்கரை வினாடியைக் கணக்குப் போட்டு முன்னாலேயே சொல்ல முடியுமா?

நீரோட்டம் | சனி, பகல் 1:30

முடியும், அதுவும் சின்னக் கணக்கு. 1878-இல் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால், காற்றில் கம்பி பாடுவதை ஆராய்ந்தார். அவர் பெயரில் ஒரு எண்: சுழி விழும் தடவைகளை உருளையின் விட்டத்தால் பெருக்கி, ஓட்டத்தின் வேகத்தால் வகுக்க வேண்டும். வட்ட உருளைக்கு அது ஏறக்குறைய 0.2. அண்ணே, தூண் எத்தனை அடி, தண்ணீர் என்ன வேகம் இருக்கும்?

குலைலாரி | சனி, பகல் 2:05

தூண் ஒன்றரை அடி. வேகம்… பாலத்தின் இந்தப் பக்கம் விழுந்த ஓலை அந்தப் பக்கம் வர எட்டு வினாடி ஆனது. பாலத்து அகலம் நான்கு மீட்டர், என் லாரிக்கு மேல் கொஞ்சம் இடம் இருக்கும், அவ்வளவுதான்.

நீரோட்டம் | சனி, பகல் 2:11

அப்படியானால் வினாடிக்கு 0.5 மீட்டர், விட்டம் 0.45 மீட்டர். 0.2-ஐ 0.5-ஆல் பெருக்கி 0.45-ஆல் வகுத்தால் 0.22. ஒரு முழுச் சுற்றுக்கு நான்கரை வினாடி. நீங்கள் எண்ணியது அப்படியே வருகிறது. இவ்வளவு பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

குலைலாரி | சனி, பகல் 2:13

ஐயோ. மனைவியிடம் காட்டிவிட்டேன்.

ஆறாம்நம்பர்லயம் | சனி, மாலை 4:50

நேற்று விட்டதைச் சொல்கிறேன். ஆலைப் புகைபோக்கியைப் பார்த்திருப்பீர்கள். சில புகைபோக்கியின் மேல் பாகத்தில் மிளகுக் கொடி சுற்றியது போல் தகடு சுற்றி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது ஏறிப்போகும் படி என்று நினைத்தேன். மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) கேட்டேன், "ஏறிப் பாரேன்" என்றார். அப்புறம் ஒரு இன்ஜினியர் வந்தபோதுதான் தெரிந்தது, அது காற்றுக்காக வைத்தது. காற்றிலும் இடம் வலம் என்று சுழி விழும், ஒவ்வொரு சுழியும் புகைபோக்கியை ஒரு பக்கம் இழுக்கும். புகைபோக்கி தானாக ஆடுகிற தாளமும் சுழி விழுகிற தாளமும் ஒன்றாகிவிட்டால் ஆபத்து என்றார்.

வீட்டிலும் பார்த்தேன். அந்தக் காலத்தில் லயத்துக் கூரை மேல் டிவி ஏரியலுக்கு இரும்புக் கம்பம் நட்டிருந்தோம், அதை இழுத்துக் கட்டியது மெல்லிய கம்பி. ராத்திரிக் காற்றில் அது "ஊஊ" என்று பாடும். பாட்டி, பேய் அழுகிறது என்று திருநீறு போட்டுக்கொள்வார். ஒரு நாள் அம்மா பழைய கைலியைக் கிழித்து அந்தக் கம்பியில் சுற்றி விட்டார். பேய் போய்விட்டது.

நீரோட்டம் | சனி, மாலை 5:36

ஐயா, உங்கள் அம்மா செய்ததும் அந்த இன்ஜினியர் சொன்னதும் ஒன்றுதான். 1950-களில் இங்கிலாந்தில் ஸ்க்ரூட்டன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சுருள் தகட்டைச் சோதித்துக் காட்டினார்கள். தகடு சுழியை நிறுத்துவதில்லை. புகைபோக்கியின் உயரம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரே பக்கம் கழலாமல், மேலே ஒரு நேரம், கீழே ஒரு நேரம் என்று தாளத்தைக் கெடுத்துவிடுகிறது. பழைய காடிகளின் (கார்களின்) ஏரியலில் மெல்லிய சுருள் இருக்கும், பார்த்திருப்பீர்கள், அதுவும் இதற்குத்தான்.

பேயின் குரலுக்கும் கணக்கு உண்டு. 2 மில்லிமீட்டர் கம்பி, மணிக்கு 18 கிலோமீட்டர் காற்று, அதாவது வினாடிக்கு 5 மீட்டர்: வினாடிக்கு 500 தடவை. காதுக்கு நன்றாகக் கேட்கிற சுரம். காற்று கூடினால் சுரமும் ஏறும், பாட்டி பயந்ததில் தப்பில்லை.

நீங்கள் பாய்லர் பார்த்தவர், நீராவி ஓட்டத்தை அளக்கும் வோர்டெக்ஸ் மீட்டரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழாய்க்குள் ஒரு கட்டையை நிறுத்திவிட்டு, விழுகிற சுழியை எண்ணி வேகம் சொல்லும். லாரி அண்ணன் பாலத்தில் நின்று செய்ததுதான்.

குறுக்குக்கேள்வி | சனி, இரவு 8:15

அமெரிக்காவில் டக்கோமா பாலம் விழுந்ததும் இந்தச் சுழியால்தானே. வீடியோ பார்த்திருக்கிறேன், துணி முறுக்குவது போல் முறுக்கியது. தாளம் ஒத்துப்போனது, விழுந்தது. இதை யாரும் சொல்லவில்லையே.

நீரோட்டம் | சனி, இரவு 9:20

சொல்லாமல் விட்டது வேண்டுமென்றேதான். பல பாடப்புத்தகங்களில் அப்படி எழுதியிருக்கும், நானும் முதல் இரண்டு வருஷம் அப்படியே நடத்தினேன், வெட்கம்தான். 1940 நவம்பர் 7 அன்று காற்று மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கும் பாலத்தின் தடிமனுக்கும் சுழி விழ வேண்டியது வினாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை. பாலம் முறுக்கியதோ ஐந்து வினாடிக்கு ஒரு தடவை. தாளம் ஒத்துப்போகவே இல்லை. அங்கே பாலம் முறுக்க முறுக்க, அந்த முறுக்கே காற்றிலிருந்து இன்னும் பலத்தை இழுத்துக்கொண்டது. தூண் அசையாமல் நின்றாலும் சுழி விழும். டக்கோமாவில் முறுக்கு நின்றால் அந்தப் பலமும் நின்றுவிடும். வேறு நோய். விசாரணைக் குழுவில் கார்மனும் இருந்தார் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

குறுக்குக்கேள்வி | சனி, இரவு 9:31

சரி லா. இதை ஏற்றுக்கொள்கிறேன்.

தூண்டில்காரன் | சனி, இரவு 10:40

மீன் பிடிக்கிறவன் ஒருத்தன் பேசலாமா? செபாராவ் மீன் ஏன் பாறைக்குப் பின்னால் நிற்கிறது என்று கேட்டால், இரைக்காக என்போம். பாதிதான். அங்கே நிற்பது சுலபம். 2003-இல் அமெரிக்காவில் டிரவுட் மீனை உருளைக்குப் பின்னால் விட்டு, தசையில் கம்பி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சுழிகளுக்கு நடுவே உடம்பை நெளித்து நெளித்து நிற்கும்போது தசை மிகக் குறைவாகத்தான் வேலை செய்கிறது. பாய்மரம் மாதிரி சுழியைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து வந்த ஒரு சோதனை இன்னும் வேடிக்கை: செத்த மீனைக் கட்டி விட்டார்கள், அது நெளிந்து நீரோட்டத்துக்கு எதிராகவே நகர்ந்தது. செத்த மீன் ஆற்றோடு போகும் என்று இனிமேல் யாரையும் திட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை. லயத்து ஐயாவின் அம்மா சொன்னது சரி. தூண் அடியில் மண் அரித்துப் பள்ளம் விழுந்திருக்கும். மேலே முழங்கால் தண்ணீர் மாதிரித் தெரியும், காலை வைத்தால் ஆள் மட்டம்.

நீரோட்டம் | சனி, இரவு 11:02

அந்தப் பள்ளத்தைத் தோண்டுவது நாம் பேசுகிற சுழி மட்டுமல்ல. தூணின் முகப்பில் கீழ்நோக்கி இறங்கும் தண்ணீர் அடியில் சுருண்டு, குதிரை லாடம் போல் தூணைக் கட்டிக்கொள்ளும். அது மேலே தெரியாது. குளிக்கப் போகிறவர்கள் பயப்பட வேண்டியது முதலில் அதற்கு.

படிவம்ஐந்து | ஞாயிறு, மாலை 6:25

செய்து பார்த்துவிட்டேன்!

எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் சிமெண்டு போட்ட அல்லூறு (வடிகால்) இருக்கிறது. அகலம் 60 சென்டிமீட்டர், இன்று மழை விட்ட பிறகு ஒரு சாண் தண்ணீர் அமைதியாகப் போனது. வீட்டில் மிச்சம் கிடந்த 6 சென்டிமீட்டர் பிவிசி பைப்பை நடுவில் நிறுத்தி, தம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சுழி கண்ணுக்குத் தெரிய என்ன தூவலாம் என்று யோசித்து, பூஜைக்கு வாங்கி நமத்துப்போன பொரியை எடுத்துப் போனேன். பாட்டி பார்த்துவிட்டார், அது தனிக்கதை.

பொரியைத் தூவினால் அப்படியே படம் வரைந்தது மாதிரி. பைப்புக்குப் பின்னால் பொரி இடது பக்கம் உருண்டையாகச் சேர்ந்து சுற்றும், கழலும், உடனே வலது பக்கம். இரண்டு வரிசையும் நேருக்கு நேர் இல்லை, ஜடை பின்னியது போல் மாறி மாறிப் போனது. ஆறேழு சுழி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது, அப்புறம் கலைந்துவிட்டது.

வேகம்: இலை 3 மீட்டர் போக 10 வினாடி. போனில் ஸ்லோ மோஷன் எடுத்து எண்ணினேன், 30 வினாடியில் 52 சுழி. கணக்குப் போட்டால் 0.35 வருகிறது. 0.2 வரவில்லை. எங்கே தப்பு?

குறுக்குக்கேள்வி | ஞாயிறு, மாலை 6:50

இரண்டு பக்கமும் சேர்த்தா 52? லாரிக்காரர் இடதிலிருந்து இடது வரை எண்ணினார்.

படிவம்ஐந்து | ஞாயிறு, மாலை 6:54

ஆ… இரண்டும் சேர்த்து. அப்படியென்றால் 26. கணக்கு 0.17.

நீரோட்டம் | ஞாயிறு, இரவு 7:30

குறுக்குக்கேள்விக்கு நன்றி, நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். அல்லூறில் 0.17 வந்தால் கைகுலுக்கலாம் தம்பி. இலை மிதப்பது மேற்பரப்பின் நடுவில், அங்கேதான் வேகம் அதிகம். சிமெண்டுத் தரையை ஒட்டிய தண்ணீர் அதைவிட மெதுவாகப் போகும். பைப்பு சந்திக்கிற சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் கிட்ட வரும்.

கரையோரத் தூணுக்கு வருகிறேன், அண்ணனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "மெதுவாக ஓடினால் சுழி இல்லை" என்பது உண்மைதான், ஆனால் எவ்வளவு மெதுவாக? வேகத்தை விட்டத்தால் பெருக்கி, பாய்மத்தின் பிசுக்கால் வகுத்தால் வருவது ரெனால்ட்ஸ் எண். அது 5-க்குக் கீழே என்றால் தண்ணீர் உருளையைச் சுற்றி வந்து அழகாக மூடிக்கொள்ளும். 47 வரை பின்னால் இரண்டு சுழி ஒட்டிக்கொண்டு நிற்கும், கழலாது. அதைத் தாண்டினால்தான் மாறி மாறிக் கழலும். ஒரு பென்சிலுக்கு அந்த 47 வருவது தண்ணீர் வினாடிக்கு வெறும் 6 மில்லிமீட்டர் போகும்போதே. அண்ணன் பார்த்த நடுத்தூணுக்கு எண் இரண்டரை லட்சத்துக்கு மேல். கரையோரம் பத்தில் ஒரு பங்கு வேகம் என்றாலும் சுழி விழ வேண்டும். வேகம் காரணம் இல்லை. (3 லட்சத்தைத் தாண்டினால் ஏடே கொந்தளித்து, கழலும் இடம் பின்னுக்குப் போய், 0.2 என்ற கணக்கு தடுமாறும். அது இன்னொரு நாள்.)

தம்பி, இன்னொன்று செய்கிறாயா? பைப்பு விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு, 30 சென்டிமீட்டர் நீளத் தகரத்தைப் பைப்புக்குப் பின்னால் ஒட்டினாற்போல், ஓட்டத்தின் திசையிலேயே செங்குத்தாக நிறுத்திப் பார். 1950-களில் ரோஷ்கோ கலிபோர்னியாவில் செய்தது. என்ன ஆகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

படிவம்ஐந்து | திங்கள், மாலை 5:48

நின்றுவிட்டது!

மைலோ டின்னை வெட்டி விரித்தால் நீளம் போதவில்லை, பிஸ்கெட் டின் தகரத்தை வெட்டினேன் (கையிலும் வெட்டிக்கொண்டேன்). அதைப் பைப்புக்குப் பின்னால் நிறுத்தியதும் ஆட்டம் போச்சு. பொரி இரண்டு பக்கமும் நேராகப் போகிறது. தகரத்தை எடுத்தால் இரண்டு மூன்று வினாடியில் மறுபடி ஆடுகிறது. வைத்தால் நிற்கிறது. தம்பி கால் மரத்துப்போச்சு என்கிற வரைக்கும் வைத்து வைத்து எடுத்தோம்.

தகரம் தண்ணீரை நிறுத்தவில்லை, நடுவில் சும்மா சுவர் மாதிரி நிற்கிறது. ஆனால் இடது சுழி வலது ஏட்டை இழுக்க முடியவில்லை, அதுதானே?

நீரோட்டம் | திங்கள், மாலை 6:30

அதுதான். இனி நான் அதற்கு ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியதில்லை.

ஆறாம்நம்பர்லயம் | திங்கள், மாலை 6:41

பைப்படியில் வேலி போட்டுவிட்டார்கள்.

குலைலாரி | செவ்வாய், மாலை 6:55

இரண்டு நாளாக மழை இல்லை, ஆறு வடிந்துவிட்டது. இன்று குலை ஏற்றப் போகும்போது பாலத்தில் நிறுத்தி எட்டிப் பார்த்தேன்.

கரையோரத் தூணுக்குப் பின்னால் கட்டைகள் நிற்கின்றன. துரை காலத்தில் இருந்த மரப்பாலத்தின் கால்கள். மேலே பலகை எல்லாம் எப்போதோ போய்விட்டது, கால் மட்டும் நான்கு, ஒன்றன் பின் ஒன்றாக ஆற்றோடு ஒரே கோட்டில், முதல் கட்டை புதுத் தூணை முட்டிக்கொண்டு. இடையில் ஓலை, மட்டை, பிளாஸ்டிக் பை, யாரோ ஒருவரின் ஒற்றைச் செருப்பு எல்லாம் சிக்கி, வேலி அடைத்த மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை தண்ணீர் ஏறியிருந்ததால் மேலே ஒன்றும் தெரியவில்லை. நடுத்தூணுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை.

எட்டி எட்டிப் பார்த்து அளந்தேன், கட்டை வரிசை ஏழு அடி இருக்கும். தூண் ஒன்றரை அடி. டீச்சர் ஐந்து மடங்கு சொன்னார், கிட்டத்தட்ட வருகிறது.

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளிவிட்டான். போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.